புவித்தொடுப்பு

கட்டுநாயக்காவில் 'பெறுமதி' என்ற கட்டத்துக்குள்
பாதியைத்தான் எழுதினேன்.
பாவித்தது, மிகப் பழையது என்றும் சேர்த்தேன்.
அது பொய்யில்லை:
என்னைவிடப் பதினெட்டு வயது மூத்தது.

இரவு பஸ்ஸில் அதற்கும் ஒரு சீற் எடுத்தேன்.
பதின்மூன்றாம் இலக்கம், யன்னல் கரை.
வவுனியா கழிய, கொண்டக்டர் குனிந்து
"அக்கா, இவர் எங்க இறங்கிறார்?" என்றான்.

கலிபோர்னியாவில் கடைந்த உடல்.
கழுத்தடியில், கழற்றினால் மட்டும் தெரியும் இடத்தில்
யாரோ பென்சிலால் எழுதிய 72.
துரொம்சோ மீனாலையில்
மூன்று பனிக்காலம் இரவு வேலை செய்து
கொட் மீனின் தலைகளை வெட்டி வெட்டி
வாங்கிய பாஸ் கிட்டார்.
அம்மாவுக்கு இன்றைக்கும் விலை தெரியாது.

கொக்குவிலில் மேல்வீடு, இரண்டு வருட வேலை.
பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் எண்ணினார்கள்.
"மிச்சம் ரெண்டு நரம்பும் அறுந்து போச்சோ?"

முன்வீட்டு ரியூசனுக்கு வரும் கபிலாஷ்
ஒரு பாட்டு அடிக்கச் சொன்னான்.
அடித்தேன்.
கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.
"பாட்டு எப்ப துவங்கும்?"
பாட்டுக்குக் கீழே நடப்பதுதான் இது என்று சொல்ல
அன்றைக்கு எனக்குத் தமிழ் போதவில்லை.
நோர்வேஜிய மொழியிலும் அது சரியாக வராது.

கீழே இருக்கும் பவளராணி அக்கா மட்டும் சொன்னா:
"சத்தம் ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை.
அலுமாரிக்குள்ள கோப்பையள்தான் கதைக்குதுகள்."

கடல் கண்ணுக்குத் தெரியாத தூரம்.
என்றாலும் மூன்றே கிழமையில்
நரம்புகளில் செம்புள்ளி.
பெட்டிக்குள் துணியில் முடிந்து அரிசி வைத்தேன்.
அரிசிக்கு வண்டு வந்தது.

பிறகு அந்த முரல்.
விரல் பட்டால் அடங்கும்,
எடுத்தால் திரும்பத் தொடங்கும்,
தூக்கத்தில் விட்டுவிட்டு எழும்ப முடியாத
கைக்குழந்தை மாதிரி.
ஒரு மழைநாள் விரல் நுனியில் எறும்பு ஊர்ந்தது.
எறும்பைக் காணவில்லை.

குருநகரிலிருந்து றெஜினோல்ட் வந்தான்.
சுவரில் ரெஸ்ரரைக் குத்திப் பார்த்துச் சிரித்தான்.
"வீட்டுக்கு ஏர்த்தே இல்லை அக்கா.
மூண்டு ஓட்டை இருக்குத்தான்.
மூண்டாவது சும்மா வடிவுக்கு."

குசினிக்குப் பின்னால் செப்புக்கம்பியை அடித்தான்.
இரண்டரை அடியில் சுண்ணாம்புக்கல்.
தள்ளி அடித்தான், அங்கேயும் கல்.
கொய்யாவோடு ஒட்டிய மூன்றாவது இடத்தில்
எங்கேயோ ஒரு வெடிப்பு வழிவிட்டது.
கரி போட்டான், உப்புப் போட்டான்.
பச்சை வயரை முடுக்கியபடி கேட்டான்:
"உங்கட கிணத்துத் தண்ணி உப்போ?"
"வாயில வைக்கேலாது."
"அப்ப இன்னும் நல்லம்.
கிழமைக்கு ஒரு வாளி ஊத்துங்கோ.
காஞ்சால் மண் பிடி விட்டிடும்."

அம்பைப் போட்டேன். கையை எடுத்தேன்.
ஒன்றும் இல்லை.
ஒன்றும் இல்லாததையே கொஞ்ச நேரம்
கேட்டுக்கொண்டு நின்றேன்.
பிறகு தடித்த நரம்பை ஒருமுறை தட்ட
கீழே கோப்பைகள் பதில் சொல்லின.
"இது எந்தப் பாட்டு?" என்று றெஜினோல்ட் கேட்கவில்லை.
நெஞ்சில் கையை வைத்து
"இஞ்ச கேக்குது" என்றான்.
காசை எண்ணாமலே பொக்கற்றுக்குள் வைத்தான்.

வெள்ளி தவறாமல் ஒரு வாளி.
மதிலுக்கு அந்தப்பக்கம் இருந்து யோகாம்பிகை ரீச்சர்
இரண்டு கிழமை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு
"என்ன கண்டு வச்சிருக்கிறியள்?" என்றா.
"இன்னும் முளைக்கேல்லை ரீச்சர்."

ஆவணியில் என் ஒப்பந்தம் முடிகிறது.
பேர்கனில் ஒருவன்
நான் எழுதாத மற்றப் பாதியையும் சேர்த்து
விலை சொல்லியிருக்கிறான்.
அவனுக்கு இன்னும் பதில் போடவில்லை.

இந்த வெள்ளி வாளியோடு போனபோது
கம்பியைச் சுற்றி நாலு கல் அடுக்கியிருந்தது,
கோழி கிளறாமல்.
யாரென்று கேட்கவில்லை.
கல்லுக்கு உள்ளே, மெதுவாக,
ஊற்றினேன்.